முதலுதவிப் பெட்டி

ஜூன் 4

யூனியனில் கொடுத்த இந்த டைரி ஐந்து மாதமாகப் பீரோ மேல் தூசி படிந்து கிடந்தது. இன்று கீழே இறங்கியதற்குக் காரணம் நசீமா மேடம். ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறார். ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிப்பது அவர் பொறுப்பு.

"தெனமும் உடம்புக்கு என்ன செய்யுதுன்னு ரெண்டு வரி எழுதி வைங்க அண்ணாச்சி. நான் வரும்போது பாத்துக்கிடுதேன், டாக்டர்ட்ட சொல்ல வசதியா இருக்கும்" என்றார்.

சரி, எழுதுகிறேன். பெயர் அய்யாத்துரை. வயது ஐம்பத்து நாலு. நல்லூரணி டிப்போவில் அரசு பஸ் கண்டக்டர். எடை ஐம்பத்தொன்று. சளியில் கிருமி இருக்கிறது. இன்றைக்கு இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

ஜூன் 5

மாத்திரை வந்துவிட்டது. செங்கல் நிறத்தில் பெரிது பெரிதாக, ஒரு நாளைக்கு நான்கு. காலையில் வெறும் வயிற்றில் நான்கையும் ஒன்றாக முழுங்க வேண்டும். ஆறு மாதம், ஒரு நாள்கூட விடக் கூடாது.

அரசாங்கம் இதில் ஒரு வேலை செய்திருக்கிறது. மாத்திரை அட்டையை ஒரு காகித உறையில் ஒட்டிக் கொடுக்கிறார்கள். மாத்திரையை வெளியே தள்ளினால்தான் அதன் பின்னால் மறைந்திருக்கும் போன் நம்பர் தெரியும். ஒவ்வொரு நாளும் வேறு நம்பர். அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் நசீமா மேடம் செல்லில் என் பெயருக்கு எதிரே பச்சை விழும். கொடுக்காவிட்டால் சிவப்பு. நல்ல யோசனைதான். டிக்கெட் எடுத்தவன்தான் பஸ்ஸில் ஏறியவன் என்பது மாதிரி.

டாக்டர் சின்ன வயசு, ஆனால் பேச்சு பெரிய பேச்சு. "உங்க மக உண்டாயிருக்காங்கன்னு சொன்னாங்க. ஒழுங்கா முழுங்குனீங்கன்னா ரெண்டு மாசத்துல சளியில கிருமி நின்னுரும். பேரப்பிள்ளை வர்றப்ப தாராளமா மடியில வச்சுக் கொஞ்சலாம். முழுங்கலன்னா சொல்லிருதேன், பச்சப்பிள்ளைக்கு இது வந்தா மூளைக்கே போயிரும்" என்றார்.

இந்துமதிக்கு இப்போது நாலு மாதம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு இங்கே கூட்டி வரவேண்டும். தலைப்பிரசவம் நம் வீட்டில்தானே. அவளுக்கும் சொல்லவில்லை, சம்பந்தி வீட்டுக்கும் சொல்லவில்லை. சொன்னால் அனுப்புவார்களா? டிப்போவில் மஞ்சள் காமாலை என்று சொல்லிப் பதினைந்து நாள் லீவு போட்டிருக்கிறேன். இது தெரிந்த ஆள் என் வீட்டுக்காரி வேலம்மாள் மட்டும்தான்.

காலை 6.00. நான்கும் முழுங்கினேன். மிஸ்டு கால் கொடுத்தேன்.

ஜூன் 6

மூத்திரம் ரத்தச் சிவப்பாகப் போனது. உயிரே போய்விட்டது எனக்கு. நசீமா மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் சிரிக்கிறார்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி, அது மாத்திரைச் சாயம். செவப்பாப் போனா மருந்து உள்ள போயிருக்குன்னு அர்த்தம்."

இதை நேற்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். நான்கும் முழுங்கினேன்.

ஜூன் 11

முழுங்கினேன். வேலம்மாளுக்குப் பரிசோதனை செய்தார்கள், ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பின்பக்க அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தனியாகப் படுக்கிறேன். தட்டில் ஒட்டாது, மூச்சுக் காற்றில்தான் பரவும், வாயை மூடி இருமினால் போதும் என்று நசீமா மேடம் சொல்லிவிட்டார். இருந்தாலும் வீட்டு விஷயத்தில் நான் அசட்டையாக இருக்க மாட்டேன்.

ஜூன் 16

இருமல் பாதி நின்றுவிட்டது. பசி எடுக்கிறது. இன்று ஆறு தோசை. முழுங்கினேன்.

ஜூன் 20

லீவு முடிந்து டூட்டி. முதல் ட்ரிப் 5.10. நல்லூரணியில் எடுத்தால் ஊத்துமேட்டுப்பட்டியில் போய்த் திரும்ப வேண்டும். டிரைவர் லூர்துராஜ். பதினோரு வருடமாக அவனும் நானும் ஒரே வண்டி. எங்களைப் பிரித்து வேறு வேறு தடத்தில் போடப் பார்த்த மேனேஜர்கள் மூன்று பேர் மாற்றலாகிப் போய்விட்டார்கள், நாங்கள் இருக்கிறோம்.

"காமாலைன்னா கண்ணு மஞ்சளா இருக்கும்பாவ. உனக்கு ஆளே ஈர்க்குச்சி மாதிரில்லா ஆயிட்ட மச்சான்" என்றான்.

"பத்தியம்ல. உப்பில்லாம தின்னு பாரு, நீயும் ஈர்க்குச்சி ஆவ" என்றேன்.

காலை 4.30க்கு முழுங்கினேன். ஏழாவது கிலோமீட்டரில் குமட்டிக்கொண்டு வந்தது. பின்பக்கப் படியில் நின்று வெளியே எட்டி வாந்தி எடுத்தேன். பஸ் முழுக்க வேலைக்குப் போகிற பொம்பளைகள். ஒருத்தி, "கண்டக்டருக்கே பஸ் ஒத்துக்கலியா" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே இறக்கிவிட்டிருப்பேன்.

ஜூன் 21

முழுங்கினேன். வாந்தி. லூர்து வண்டியை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தான். இருபத்தைந்து வருட சர்வீஸில் எனக்காக வண்டி நின்றது இதுவே முதல் தடவை.

ஜூன் 24

பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் பக்கத்தில் நின்ற டைம் கீப்பர் எட்டிப் பார்த்துவிட்டார். "என்னவே, ரத்தமால்லா போவுது?" என்று சத்தமாகக் கேட்டார். காமாலை மருந்து என்று சமாளித்தேன். காமாலைக்குச் சிவப்பு மருந்து எந்த ஊரில் என்று அவர் யோசித்திருப்பார். இந்த ஆள் வாயில் ஒரு சங்கதி விழுந்தால் சாயங்காலத்துக்குள் டிப்போ முழுக்கப் போய்விடும். டிப்போவில் ஒருத்தன் இந்துவின் மாமனாருக்குச் சொந்தக்காரன்.

ஜூன் 27

மிஸ்டு கால் 4.32. மாத்திரையைத் தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மத்தியானம் ஊத்துமேட்டுப்பட்டியில் வண்டி நிற்கும்போது சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம். எந்த நேரத்தில் போனால் என்ன, வயிற்றுக்குள் போனால் சரி.

ஜூன் 28

மிஸ்டு கால் 4.31.

ஜூன் 29

மிஸ்டு கால் 4.34. பையில் சில்லறையோடு மாத்திரையும் சேர்ந்து உருள்கிறது. பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு முதலுதவிப் பெட்டி இருக்கிறது. வண்டி வந்த நாளிலிருந்து அதற்குள் ஒரு பஞ்சுத் துண்டுகூடக் கிடையாது. இன்று முதல் அது காலியாக இல்லை.

ஜூலை 2

நசீமா மேடம் வந்தார். செல்லைக் காட்டினார். ஜூன் மாதம் பூராவும் என் பெயருக்கு நேரே வரிசையாகப் பச்சை. "எல்லாரும் உங்களை மாதிரி இருந்துட்டா எனக்கு வேலையே இல்ல அண்ணாச்சி" என்றார். டைரியின் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் புரட்டிக் காட்டினேன், கையெழுத்து அழகாக இருக்கிறது என்றும் சொன்னார். வேலம்மாள் அவருக்குக் காபி போட்டாள்.

ஜூலை 6

மிஸ்டு கால் 4.30. வாந்தி இல்லை. எடை ஐம்பத்து மூன்று. மூத்திரமும் வெளுத்து நல்லபடியாகப் போகிறது. உடம்பு தேறிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜூலை 13

மிஸ்டு கால். இந்து போன் பண்ணினாள். ஐந்தாம் மாத ஸ்கேனில் பிள்ளை கையை ஆட்டியதாம். "தாத்தாவைத் தேடுதுன்னு நெனைக்கேன்ப்பா" என்றாள். விசில் ஊதிக் காட்டச் சொன்னாள். சின்னப் பிள்ளையில் கேட்பாள், அதே மாதிரி. போனிலேயே ஊதினேன். கொஞ்சம் மூச்சு வாங்கியது, நாள் முழுக்க ஊதிய அலுப்பாக இருக்கும்.

ஜூலை 18

இன்று ஆஸ்பத்திரியில் புது நோயாளிகளுக்குக் கூட்டம். பேச வேண்டும் என்று நசீமா மேடம் வற்புறுத்தி அழைத்துப் போனார். இருபது பேர் இருப்பார்கள். எல்லார் மூக்கிலும் துணி. என்னை எழுப்பி நிறுத்தி, "இந்த அண்ணாச்சி விடியக்காலம் பஸ்ஸுக்குப் போறவரு. அப்படியும் ஒரு நாள் தவறல" என்றார்.

நான் பேசினேன். டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறுவது மாதிரிதான் மாத்திரை முழுங்காமல் இருப்பது, எப்படியும் நடுவழியில் செக்கர் ஏறுவார் என்றேன். கை தட்டினார்கள். சால்வை போட்டார்கள். ஒரு பொம்பளை என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் புருஷன் மாத்திரையைத் துப்பிவிடுகிறான், நீங்கள் வந்து சொன்னால் கேட்பான் என்று அழுதாள். வருகிறேன் என்றேன். போகவில்லை.

சால்வையைப் பீரோவில் அடித்தட்டில் வைத்துவிட்டேன். அதை வேலம்மாள் எதற்கு வெளியே எடுத்து மடித்து மடித்துப் பார்க்கிறாளோ.

ஜூலை 25

காற்றும் சாரலுமாக இருந்தது. மத்தியானம் ஊத்துமேட்டுப்பட்டியில் பஸ் ஜன்னல் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டு லூர்தும் நானும் ஒரே கேரியரில் சாப்பிட்டோம். பிறகு எதிரெதிர் சீட்டில் ஒரு மணி நேரத் தூக்கம். பதினோரு வருடப் பழக்கம் இது. மாத்திரை விஷயம் அந்த நேரத்தில் ஞாபகம் வரத்தான் செய்தது. அவன் பார்வையில் படும்படி எப்படிப் போடுவது?

அவனும் ஒரு வாரமாக இருமுகிறான். டீசல் புகை என்கிறான்.

ஆகஸ்ட் 5

இரண்டு மாதச் சளிப் பரிசோதனை. கொடுத்துவிட்டு வந்தேன். இந்த வாரம் நாலு நாள் முழுங்கினேன்.

ஆகஸ்ட் 8

கிருமி இருக்கிறது.

ஆகஸ்ட் 9

டாக்டர் ஒரு மணி நேரம் என் காகிதங்களைப் புரட்டினார். "அறுபத்தஞ்சு நாளும் பச்சை. மருந்துக்கு அடங்காத கிருமியா இருக்கணும். டெஸ்டுக்கு அனுப்புவோம்" என்றார். அப்படியிருந்தால் பெரிய மாத்திரை, கூடுதல் மாதம், காது கண் எல்லாம் கவனிக்க வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "முழுங்குறீங்கல்லா?" என்றார்.

நான் வாய் திறக்கும் முன் நசீமா மேடம் முந்திக்கொண்டார். "சார், இவருக்கு நான் பொறுப்பு" என்றார்.

வெளியே வந்ததும் அவர் ஸ்கூட்டரைத் துடைத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். தூசியாக இருந்தது என்றேன்.

ஆகஸ்ட் 11

சம்பந்தி போன். வளைகாப்பு இந்த மாதம் முப்பதாம் தேதி. அன்றைக்கே இந்துவைக் கூட்டிப் போகலாமாம். வேலம்மாள் பின்பக்க அறையைக் கழுவி வெள்ளையடிக்க ஆள் பார்க்கிறாள். நான் படுத்திருக்கிற அறை அது. பிள்ளைக்குக் காற்றோட்டமாக இருக்குமாம்.

ஆகஸ்ட் 19

டெஸ்ட் முடிவு வந்தது. எல்லா மருந்துக்கும் அடங்குகிற கிருமிதான். டாக்டர் நசீமா மேடத்தைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"நாளைக்கு வீட்டுக்கு வாரேன் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். நாளைக்கு எனக்கு டூட்டி என்றேன்.

ஆகஸ்ட் 21

எழுதித்தான் ஆகவேண்டும். இனி இதை யாரிடமும் காட்டப்போவதில்லை, அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது லூர்து வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தான். முகம் வெளிறியிருந்தது. கேரியரைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், யார்ட்டயும் சொல்லிராத. மூணு வாரமா எனக்கு மூத்திரம் ரத்தமாப் போவுது. செவந்து போவுது. கிட்னி போயிட்டுன்னு நெனைக்கேன்."

"எதாவது மாத்திரை தின்னியா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. ஒன் மாத்திரைதான்."

"எது?"

"இந்தப் பெட்டியில போட்டு வச்சிருக்கேல்லா, செங்கக் கலர்ல. சத்து மாத்திரைன்னு நெனைச்சேன். அதத் தின்னுதான நீ தேறி வந்த? இருமலா இருக்கு, உடம்பு அசதியா இருக்கு, தெனம் ஒண்ணு போட்டேன். ஒன்ட்ட கேட்டாத் தரமாட்டியா, என்ன கேக்கன்னு எடுத்துக்கிட்டேன்."

முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. ஜூன் இருபத்தேழிலிருந்து தாளில் மடித்து மடித்து நான் போட்டது. குப்பையில் போட மனசு வராமல், முழுங்கவும் மனசு வராமல், நாளைக்கு நாளைக்கு என்று சேர்த்தது. மத்தியானம் போட்டுக்கொள்ளலாம் என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். அன்றும் போடவில்லை.

லூர்து இருமினான். அடி வயிற்றிலிருந்து வந்தது அந்த இருமல். எனக்கு மே மாதம் வந்ததே, அதே இருமல். வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர், திறந்த ஜன்னல் என்று எல்லாம் பார்த்தேன். ஷட்டரை இறக்கிவிட்டு இவன் முகத்துக்கு நேரே இரண்டு மாதம் மூச்சு விட்டிருக்கிறேன்.

பெட்டியை மூடினேன். 2.40க்கு விசில் கொடுத்தேன். வண்டி கிளம்பியது.

ஆகஸ்ட் 22

டூட்டிக்குப் போகவில்லை. காலையில் நசீமா மேடம் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் வாசலுக்குப் போய்விட்டேன். பெட்டியிலிருந்ததை எல்லாம் நேற்றே ஒரு பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தேன். அதை அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பையை ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டுத் துணியை முகத்திலிருந்து இறக்கினார்.

"ஒங்களக் காட்டித்தான் அண்ணாச்சி இருவது பேருக்குச் சொன்னேன்."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் தெருவில் நின்று அழுதேன். வேலம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும்.

"தப்பு என் மேலயும் இருக்கு. பச்சையப் பாத்துட்டு ஆளப் பாக்காம விட்டுட்டேன். ஒங்ககிட்ட ஒரு கப்பு மூத்திரம் கேட்டிருந்தா அது நெறமே சொல்லியிருக்கும்" என்றார். பிறகு, "அழுறதுக்கு இப்ப நேரம் இல்ல. அவரு தெனம் ஒண்ணுன்னு தின்னது ரொம்ப ஆபத்து. அரைகுறையாப் போனா கிருமி மருந்தோட பழகிரும். அவரை இன்னைக்கே கூட்டிட்டு வரணும். நீங்கதான் கூட்டிட்டு வரணும்" என்றார்.

லூர்துவை டிப்போ வாசலில் பிடித்தேன். என்ன வியாதி, யாரிடமிருந்து, எப்படி என்று எதையும் மறைக்காமல் சொன்னேன். அவன் என் சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. காக்கிச் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, "பதினோரு வருசம் மச்சான்" என்றான். ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தான்.

ஆகஸ்ட் 23

முதலிலிருந்து ஆரம்பம். காலை 6.00. நான்கும் வேலம்மாள் கண் முன்னால் முழுங்கினேன். அவள் நாக்கை நீட்டிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். மறுபடி மெடிக்கல் லீவு. இந்த முறை உண்மையான வியாதி பெயரை எழுதிக் கொடுத்தேன்.

இந்துவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். அவள் அழவில்லை. "முன்னாலயே சொல்லியிருந்தா நான் ஒண்ணும் நெனைச்சிருக்க மாட்டேம்ப்பா" என்றாள். அழுதிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 30

வளைகாப்பு. கிருமி நின்றதற்குக் காகிதம் காட்டினால் பெண்ணை அனுப்புகிறோம், விசேஷத்துக்கு நீங்கள் வரவேண்டாம் என்று சம்பந்தி சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் குறை இல்லை. வேலம்மாளும் அவள் தங்கையும் போனார்கள். ஐந்து வகைச் சோறும் கட்டிக் கொண்டுவந்தாள். புளிச்சோறு மட்டும் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 4

லூர்துவின் முடிவு வந்துவிட்டது. கிருமி இருக்கிறது. மாத்திரையில் இருக்கிற நான்கு மருந்தில் ஒன்று அவனுக்குக் கேட்கவில்லை. அவனுக்கு வேறு மாத்திரை, என்னைவிடக் கூடுதல் மாதம். சர்க்கரை வேறு இருக்கிறது அவனுக்கு. டாக்டர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 5

நசீமா மேடம் வந்து சொன்னது.

தினமும் ஒரு ஆள் எதிரில் நின்று பார்க்க வேண்டும், யாரைப் போடட்டும் என்று லூர்துவிடம் கேட்டிருக்கிறார். அவன் மனைவி ரெஜினா தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அவன் வேண்டாம் என்றானாம்.

"அய்யாத்துரையை வரச் சொல்லுங்க. அவன் மாத்திரையோட வரட்டும். அவன் முழுங்குறத நான் பாக்கணும். அப்புறம் நான் முழுங்குதேன். மிஸ்டு காலெல்லாம் எனக்கு வேண்டாம்."

செப்டம்பர் 6

6.10க்குப் போனேன். ரெஜினா கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, "எங்க வீட்டுப் படி ஏறாதீங்க" என்றாள். கேட்டுக்கு வெளியே நின்றேன். லூர்து வந்தான். எலும்பு தெரிகிறது. நான் நான்கையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தான். பிறகு அவன் முழுங்கி வாயைத் திறந்து காட்டினான். உள்ளே போய்விட்டான். பேசவில்லை.

செப்டம்பர் 7

6.10. முழுங்கினேன். முழுங்கினான்.

செப்டம்பர் 19

6.10. குமட்டல் தாங்கவில்லை. அவனுக்கும்தான். கேட்டுக்கு இந்தப்பக்கம் நானும் அந்தப்பக்கம் அவனுமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வாந்தி எடுக்காமல் பத்து நிமிடம் தள்ளிவிட்டோம். ரெஜினா ஒரே ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவனுக்கு.

அக்டோபர் 24

சளிப் பரிசோதனை. எனக்குக் கிருமி இல்லை. நசீமா மேடம் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, "இதை நான் ரெண்டு தடவை பாக்கச் சொன்னேன்" என்றார். இனிமேல் என்னை அப்படித்தான் பார்ப்பார், பார்க்கட்டும். லூர்துவுக்கு இன்னும் இருக்கிறது.

அக்டோபர் 29

இந்து வந்துவிட்டாள். வயிறு பெரிதாக இருக்கிறது. பின்பக்க அறை அவளுக்கு. நான் முன்பக்கம் மாறிக்கொண்டேன்.

நவம்பர் 9

காலை 6.10 லூர்து வீட்டு வாசல். 9.25க்கு ஆண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. நர்ஸ் கொண்டுவந்து நீட்டினார். எனக்கு இன்றைக்கு முதுகுவலி என்று, வேலம்மாளிடம் கொடுக்கச் சொன்னேன்.

நவம்பர் 24

பெயர் வைத்தார்கள். தாத்தா மடியில் வைத்துத்தான் காதில் பெயர் சொல்ல வேண்டுமாம். முதுகுவலி இன்னும் விடவில்லை என்று சம்பந்தியை உட்காரச் சொல்லிவிட்டேன். அவரே சங்கடப்பட்டு, "டாக்டர்தான் ஒண்ணும் இல்லைன்னுட்டாரே சம்பந்தி" என்றார். நல்ல மனிதர்தான்.

டிசம்பர் 15

6.10. முழுங்கினேன். முழுங்கினான். மழையானதால் ரெஜினா ஒரு குடையைக் கேட்டில் மாட்டிவைத்திருந்தாள்.

வீட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளச் சொன்னார்கள். கைத்தோல் சொரசொரப்பாக இருக்கிறது, பிள்ளைக்கு உறுத்தும் என்றேன். இந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிலை எத்தனை நேரமானாலும் ஆட்டுகிறேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஜனவரி 20

லூர்துவுக்கும் கிருமி நின்றுவிட்டது. நசீமா மேடம் ஸ்கூட்டரில் இருந்தபடியே கூப்பிட்டுச் சொன்னார். ஆனால் இன்னும் பல மாதம் மாத்திரை உண்டு. ஒரு பக்க நுரையீரல் சுருங்கிவிட்டது, இனிப் பெரிய வண்டி ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறானாம். இதுவும் நசீமா மேடம் சொன்னதுதான். அவன் என்னிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 24

என் கடைசி நான்கு மாத்திரை. 6.10க்கு அவன் எதிரில் முழுங்கினேன். வாயைக் காட்டினேன்.

பிப்ரவரி 25

இனி எனக்கு மாத்திரை கிடையாது. ஆனாலும் 5.30க்கு முழிப்பு வந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

6.10. வெறுங்கையோடு கேட்டுக்கு வெளியே நின்றேன். லூர்து மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். வழக்கம்போல என் வாயைப் பார்த்தான். பிறகு கையைப் பார்த்தான்.

"முடிஞ்சிட்டா?"

நூற்றெழுபத்து மூன்று நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் சொல்.

"முடிஞ்சிட்டு."

"எனக்கு இன்னும் கெடக்கு."

"தெரியும்."

"நாளைக்கு வருவியா?"

"வருவேன்."

பிறகு முழுங்கினான். வாயைத் திறந்து காட்டினான். எப்போதும் அதோடு திரும்பிவிடுவான். இன்று திரும்பவில்லை.

"பிள்ளையத் தூக்குனியா?"

முதுகுவலி என்று சொல்ல வாய் வரை வந்தது. அவனிடம் சொல்ல முடியவில்லை.

"இல்ல."

"நசீமா சொல்லிச்சு. மூணு மாசமாத் தொட்டில மட்டும் ஆட்டுதியாமே."

ரெஜினா உள்ளேயிருந்து வந்து கேட்டின் கொண்டியை எடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

"நான் முழுங்கிட்டேன்லா. பாத்தேல்லா? போயிப் பிள்ளையத் தூக்குலே" என்றான் லூர்து.

வீட்டுக்கு வந்தபோது 6.50. கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். இந்து பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்திருந்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, "குடு தாயி" என்றேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் மடியில் வைத்தாள். நல்ல கனம். என் முகத்தையே பார்த்தான். கழுத்து துவண்டுவிடும் என்று அவசரமாகத் தலைக்கு அடியில் கையைக் கொடுத்தேன்.

"வேண்டாம்ப்பா. கழுத்து நின்னு பத்து நாளாச்சு" என்றாள் இந்து.